கொலுப் பெட்டியும் ஏலக் கூடமும்

பழைய பொம்மை சேர்ப்பது மேலைநாட்டுப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். நவராத்திரிக் கொலு வைக்கும் வீடுகளை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. பெண்ணுக்குச் சீராக மரப்பாச்சி ஜோடி வரும். ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாகப் படியேற வேண்டும். விழா முடிந்ததும் துணியில் சுற்றிப் பரணுக்கு ஏற்றுவார்கள். பட்டியலும் விலைச்சீட்டும் இல்லாமலே பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த சேகரிப்பு இது.

பொம்மைகள் செய்யப்பட்ட பொருளே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். செம்மர மரப்பாச்சியை அடுத்து, வடலூருக்கு வடக்கே கெடிலக் கரையில் உள்ள பண்ருட்டியின் களிமண், காகிதக்கூழ் பொம்மைகள். களிமண்ணை அச்சின் இரு பாதிகளில் அழுத்தி, ஒட்டி, உலர்த்திச் சுட்டு, வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டுவார்கள். கப்பலில் வந்த ஜெர்மானியப் பீங்கான் பொம்மைகளும் ஜப்பான் பொம்மைகளும் வசதியான வீட்டுப் படிகளில் இடம்பிடித்தன.

1956இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு இந்த வட்டாரத்துக்கு வேறொரு அடுக்கு சேர்ந்தது. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் வெண்களிமண்ணும் உண்டு. வடலூரில் மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் மின்காப்பிகள் செய்தார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல்விளக்கோடு கொலுப் பொம்மைகளும் சூளையேறின. கரைத்த களியை ஜிப்சம் அச்சில் ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் படிந்த தோலை விட்டுவிட்டு மிச்சக் களியைக் கவிழ்த்துவிடுவார்கள். இந்த முறையில் வார்த்த பொம்மை உள்ளே கூடாக இருப்பதும் அடியில் துளை இருப்பதும் இதனால்தான்.

ஏலக்காரர் முதலில் பார்ப்பதும் அந்த அடிப்பாகத்தைத்தான். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. அதனால் ‘ஜெர்மனி’ என்ற முத்திரை காலம் கணிக்க உதவுகிறது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்றிருந்தால் போருக்குப் பின் 1952 வரையிலான சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். நம் களிமண் பொம்மையில் இப்படி எதையும் பொறிக்கும் வழக்கமில்லை. போதாக்குறைக்கு, நிறம் மங்கினால் வீட்டிலேயே புது வண்ணம் அடித்துவிடுவோம். நமக்கு அது மரியாதை. ஏலச் சந்தையிலோ மதிப்பைக் கெடுக்கும் வேலை.

மதிப்பைச் சந்தை எப்படி உருவாக்குகிறது என்பதற்கு அசைபடத் தாள்களின் கதையும் இங்கே பொருந்தும். டிஸ்னி கூடத்தில் வரைந்த செல்லுலாய்டு தாள்களில் பல, படம்பிடித்ததும் கழுவி மறுபடி வரையப்பட்டன. 1938இல் சான் பிரான்சிஸ்கோவின் கூர்வாசியே காட்சிக்கூடம் ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் தாள்களைச் சட்டமிட்டு விற்கத் தொடங்கிய பிறகே அவற்றுக்குச் சந்தை விலை அமைந்தது. 1980களில் கிறிஸ்டீஸ் போன்ற பெரிய ஏல நிறுவனங்கள் அவற்றுக்கெனத் தனி ஏலங்களே நடத்தின. இந்தியாவிலும் 1956இல் அரசின் திரைப்படப் பிரிவு கேலிச்சித்திரப் பிரிவைத் தொடங்கியது. அங்கே பயிற்சி தர வந்தவர் டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ். ஆனால் அமெரிக்காவில் எழுந்ததுபோன்ற ஏலச்சந்தை அந்த ஓவியங்களைச் சுற்றி இங்கே எழவில்லை.

நம் பொம்மைகள் சந்தைக்கு வருவது பெரும்பாலும் பாகப்பிரிவினையின்போதும் வீட்டை இடிக்கும்போதும்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பீங்கானும் மரச்சாமானும் உதிரி உதிரியாக அடுக்கிக் கிடக்கின்றன. யார் வீட்டுக் கொலு, எந்த ஆண்டில் வாங்கியது என்ற செய்தி வாசலோடு நின்றுவிடுகிறது. நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக்கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். ஆனால் வயதை நிறுவ ஆவணம் வேண்டுமே. முத்திரையும் ரசீதும் இல்லாத பண்ருட்டிப் பொம்மைக்கு அந்த ஆவணம் எங்கிருந்து வரும்? குடும்பத்து மூத்த பெண்கள் நினைவிலிருந்து சொல்வதை எழுதி, படமெடுத்து, பொம்மையோடு சேர்த்து வைப்பதுதான் இப்போதைக்கு எனக்குத் தோன்றும் ஒரே வழி. வண்ணம் அடித்த ஆண்டையும் அதில் குறித்துவைக்கலாம்.