சங்ககிரித் தொகுதியில் தபால் வாக்கு: படைவீரரும் வெளிநாடு வாழ்வோரும்

சேலம் மாவட்டத்தில் இருந்துகொண்டு நாமக்கல் மக்களவைத் தொகுதிக்கு வாக்களிக்கும் ஊர் சங்ககிரி. 2008 தொகுதி மறுசீரமைப்பில் வந்த ஏற்பாடு இது. தொகுதியின் வாக்காளர் பட்டியலில் ஊர், தெரு வாரியான பாகங்கள் முடிந்தபின் கடைசியாக ஒரு பாகம் வரும். அதில் இருப்பவர்கள் சேவை வாக்காளர்கள்: முப்படையினர், எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற மத்தியப் படையினர், வெளிமாநிலத்தில் பணியாற்றும் தமிழ்நாட்டு ஆயுதப்படைக் காவலர், இந்தியத் தூதரக ஊழியர்.

1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இவர்களுக்கு ஒரு சலுகை தந்தது. படையில் சேராமல் இருந்திருந்தால் எந்த ஊரில் குடியிருந்திருப்பாரோ, அந்த ஊர்க்காரராகவே ஒரு வீரர் கருதப்படுவார். அதனால் லடாக்கில் இருப்பவரும் சங்ககிரி வாக்காளர்தான். உடன் வசிக்கும் மனைவிக்கும் இதே உரிமை உண்டு. பெண் அதிகாரியின் கணவருக்கோ 2021 திருத்தம் வரும்வரை அது கிடையாது. எழுபது ஆண்டுகளாக யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உரிமை இருந்தது, நாள்தான் போதவில்லை. வேட்புமனு திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகே வாக்குச்சீட்டு அச்சாகும். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் குறைந்தது 20 நாள் இருக்க வேண்டும் என்ற விதி 1996-இல் 14 நாளாகச் சுருங்கியது. அதற்குள் சீட்டு தபாலில் எல்லை முகாமுக்குப் போய், எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குள் திரும்பியாக வேண்டும். பிந்தி வந்தால் செல்லாது. பிரிட்டன் 1918-இல் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. டிசம்பர் 14-இல் வாக்குப்பதிவை முடித்து, போர்முனை வாக்குகள் வந்து சேரட்டும் என்று 28-ஆம் தேதி வரை எண்ணாமல் காத்திருந்தது.

இந்தியா 2003-இல் பதிலாள் முறையைச் சேர்த்தது. வீரர் தம் தொகுதியில் வசிக்கும் ஒருவரை நியமிக்கலாம். அவர் சாவடிக்குப் போய் வீரருக்காக வாக்களிப்பார். அந்த வாக்குக்கான மை இடக்கை நடுவிரலில் வைக்கப்படும், சொந்த வாக்குக்குரிய ஆள்காட்டி விரல் தனி. தூதரக ஊழியருக்கு இந்த வசதி இல்லை.

உண்மையான மாற்றம் 2016-இல் வந்தது. அக்டோபரில் தேர்தல் நடத்தை விதிகள் திருத்தப்பட்டு, நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் மின்னணு வழித் தபால் வாக்குச்சீட்டு முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. சீட்டு இணையம் வழியே போகிறது. வீரர் கடவுச்சொல் இட்டுத் திறந்து, அச்செடுத்து, வாக்கைக் குறித்து, சான்றொப்பம் பெற்ற உறுதிமொழியுடன் தபாலில் திருப்பி அனுப்புகிறார், தபால்தலை வேண்டாம். போகும் பயணத்தில்தான் நாள் மிச்சம், திரும்பும் பயணம் பழையபடியே. ஆனாலும் 2019 மக்களவைத் தேர்தலில் பதிவு பெற்ற சுமார் 18 லட்சம் சேவை வாக்காளரில் 60 விழுக்காட்டினரின் வாக்குகள் வந்து சேர்ந்தன. 2024-இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு, ஜூன் 4-இல் எண்ணிக்கை. பல கட்டத் தேர்தலின் நீளத்தைப் பலரும் குறை சொன்னார்கள். தபால் வாக்குக்கு அது வசதியாகவே அமைந்தது.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் குடிமகனின் நிலை வேறு. 2010 திருத்தம் அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கடவுச்சீட்டுடன் நேரில் வந்துதான் வாக்களிக்க முடியும். விமானச் செலவு செய்து வந்து போட வேண்டிய வாக்கு அது. 2024-இல் நாடு முழுவதும் பதிவு செய்திருந்த சுமார் 1.19 லட்சம் பேரில் வாக்களித்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு, அவர்களிலும் பெரும்பாலோர் கேரளத்தவர். பதிலாளை அனுமதிக்கும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019-இல் காலாவதியானது. மின்னணுச் சீட்டை வெளிநாடு வாழ்வோருக்கும் தரலாம் என்று தேர்தல் ஆணையம் 2020-இல் முன்மொழிந்தது, 2021 தமிழ்நாட்டுத் தேர்தலில் அது நடைமுறைக்கு வரவில்லை.

சங்ககிரியைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் ஒரு பெரிய விடுபடல் உண்டு. இது லாரித் தொழிலால் வாழும் ஊர். தேர்தல் நாளில் லோடுடன் வடமாநில நெடுஞ்சாலையில் இருக்கும் ஓட்டுநரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்காது, ஆனால் அவருக்குத் தபால் சீட்டும் இல்லை, பதிலாளும் இல்லை. வெளியூரில் பிழைப்பவர்களுக்காகத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முனைந்த தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம், பல கட்சிகளின் எதிர்ப்புக்குப் பின் 2024 தேர்தலில் பயன்படுத்தப்படவில்லை.