இரவல் நிரல்களின் வரலாறு

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி முதன்முதலாக இயங்கியது. வர்க்கமூலம் காணும் முறையையும் விடையை அச்சிடும் முறையையும் ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாக எழுதுவது வீண் உழைப்பு. பிழைகள் பிறப்பதும் அதனால்தான். ஆகவே மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர் முதலியோர் அடிக்கடி வேண்டப்படும் பகுதிகளைத் தனித்தனியே எழுதிச் சோதித்து, துளையிட்ட காகித நாடாக்களாக ஓர் எஃகு அலமாரியில் வைத்தனர். 1951இல் அவற்றின் எண்ணிக்கை 87. வேண்டியவர் அந்நாடாவை எடுத்து, தம் நிரலின் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, மீண்டும் அலமாரியில் வைத்துவிடுவார். நூலகம் என்ற பெயர் அதற்கு எத்துணைப் பொருத்தம்!

அங்கு இரவலாகக் கிடைத்தது படியே என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர் அலமாரியில் எதை மாற்றினாலும், முன்பே படியெடுத்தவர் கணக்குக் கெடாது.

பிற்காலத்தில் நினைவகச் சிக்கனம் கருதி, ஒரே பகுதியைப் பல நிரல்கள் இயங்கும்போதே பகிர்ந்துகொள்ளும் முறை வந்தது. 1960களின் மல்ட்டிக்ஸ் அமைப்பு அதற்கு வழிகாட்டியது. சிக்கனத்தோடு பூசலும் வந்தது. வெளியூரில் நால்வர் கூடிச் சமைத்துண்ட அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. ஒருவர் அரிசி அளக்கும் ஆழாக்கை மாற்றி வைத்துவிட்டால், அன்று எல்லோர் சோறும் குழைந்துவிடும். 1990களில் விண்டோஸ் கணிப்பொறிகளில் நேர்ந்தது இதுவே. புதிதாக நிறுவப்படும் நிரல், தான் கொணர்ந்த பழைய பதிப்பைப் பொதுக்கோப்பின்மேல் எழுதிவிடும். அதுவரை ஒழுங்காக ஓடிய வேறொரு நிரல் மறுநாள் திறவாது. பழியும் குற்றமற்ற அந்த நிரலின்மேலேயே விழும்! இத்தொல்லைக்கு 'டிஎல்எல் நரகம்' என்றே பெயரிட்டனர். விண்டோஸ் 2000 பதிப்பு முக்கியமான பொதுக்கோப்புகளைப் பிற நிரல்கள் மாற்றிவிடாமல் காத்தது.

2016 மார்ச் 22ஆம் நாள், 'லெஃப்ட்-பேட்' என்னும் 11 வரித் துணுக்கை, பெயர் பற்றிய பூசலால் அதன் ஆசிரியர் என்பிஎம் என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். எழுத்துத்தொடரின் இடப்பக்கத்தை வெற்றிடத்தால் நிரப்புவதே அதன் பணி. அச்சிறு துணுக்கு இல்லாமற் போகவே எண்ணற்ற நிரல்களை அமைக்கும் பணி நின்றது; சில மணி நேரத்தில் அது மீட்கப்பட்டது.

அவரவர் படியை அவரவரே வைத்துக்கொண்டால் தொல்லையில்லையே எனலாம். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் ஜாவா நூலகத்தில் கொடிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. திருத்திய பதிப்பு விரைவிலேயே கிடைத்தது. ஆனால் பழைய படிகளோ பிற நிரல்களுக்குள் புதைந்திருந்தன. எது எங்கிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. நிரலில் எந்த நூலகம், எந்தப் பதிப்பு உள்ளது என்று பட்டியல் எழுதி உடன் அனுப்பும் வழக்கம் அதன்பின் வலுப்பெற்றது.