முதலூர்க் கிணறு

போன வாரம் முருங்கைக்குத் தண்ணி பாய்ச்சுறதப் பத்தி எழுதினேன். இந்த வாரம் கொஞ்சம் பழைய கதை.

எங்க ஊர்ல இருந்து சைக்கிள்ல போற தூரம்தான் முதலூர். மஸ்கோத் அல்வா வாங்கினவங்களுக்குத் தெரியும். திருநெல்வேலிச் சீமையில கிறிஸ்தவங்களுக்குன்னே உண்டான முதல் ஊர், அதான் அந்தப் பேர். வருஷம் 1799.

தாவீது சுந்தரானந்தம்னு ஒருத்தர். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். சொந்த சனங்க நடுவுலதான் வேதம் சொன்னார். சேர்ந்தவங்கள அடிச்சாங்க, ஜெபக்கூடத்த அழிச்சாங்க. கடைசில கொஞ்சம் நிலம் வாங்கிக் குடியேறினாங்க. மொத்தம் 28 பேர். முதல் வேலையா ஒரு கிணறு வெட்டினாங்க, ஒரு சின்ன ஜெபக்கூடம் கட்டினாங்க.

எங்க பக்கம் தேரி மண்ணு. கிணறு வெட்ட வெட்ட சரியும். தனி ஆளால ஆகாது. ஒருத்தர் வெட்டணும், ஒருத்தர் சுமக்கணும், ஒருத்தர் மேல நின்னு கயிறு பிடிக்கணும். பனையேறிப் பிழைச்ச அந்தச் சனத்துல எத்தனை பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரிஞ்சிருக்கும்? அந்தக் கிணத்துலதான் அவங்க வேதம் படிச்சிருப்பாங்கன்னு நான் நினைக்கேன்.

பிறகு 1820ல பாளையங்கோட்டைக்கு ரேனியஸ் ஐயர் வந்தார். 1830ல தர்ம சங்கம் ஆரம்பிச்சு, இப்படி விரட்டுப்பட்ட சனங்க குடியேற நிலம் வாங்க வழி பண்ணினார். பாட்டி காலத்துல எங்க வீட்ல சோத்துக்கு அளக்குற அரிசியில ஒரு பிடி எடுத்து, கோவிலுக்குன்னு தனிப் பானையில போடுவாங்க. வீட்ல எவ்வளவு பஞ்சம்னாலும் அந்தப் பிடி குறையாது.

என் கதையும் சொல்லிருதேன். கமிட்டித் தேர்தல்ல வந்த சண்டையில மூணு வருஷம் நான் கோவில் வாசப்படி மிதிக்கல. பிரசங்கம் எதுவும் என்னத் திருப்பிக் கொண்டு வரல. வீட்டுக்காரிக்கு ஆபரேஷன்னு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, ரத்தம் கொடுக்க முதல் ஆளா வந்து நின்னது நான் எதிர்த்து நின்ன அதே அண்ணாச்சி. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை போனேன்.

இந்த வருஷம் அசனத்துக்குக் கத்திரிக்கா என் தோட்டத்துல இருந்துதான். ராத்திரி பூரா அண்ணாச்சியும் நானும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து அரிஞ்சோம். தேர்தலப் பத்தி மட்டும் இன்னும் பேசிக்கல.