சீனி வருத்தமும் மாவின் வரலாறும்

நம் மக்கள் நீரிழிவைச் ‘சீனி வருத்தம்’ என்பர். அப்பெயர் பாதி உண்மையையே சொல்கின்றது. தேநீரிற் சீனியை நிறுத்திவிட்டாற் போதும் என்ற நம்பிக்கையையும் அதுவே வளர்த்துவிட்டது. சீனியை விலக்கியவர் காலையிற் பாணும், நண்பகலிற் குவித்த சோறும், இரவிற் கோதுமைமாப் பிட்டும் உண்கின்றார். இவற்றிலுள்ள மாப்பொருள் குடலிற் குளுக்கோசாக மாறி இரத்தத்திற் கலக்கின்றது. நூறு கிராம் வெள்ளைப் பாணில் ஏறத்தாழ 50 கிராம் மாச்சத்து உண்டு. பத்துத் தேக்கரண்டிச் சீனியின் எடைக்கு இது குறைந்ததன்று.

இவ்வுணவு மன்னாருக்கு எவ்வாறு வந்தது? பாண் என்ற சொல் போர்த்துக்கேயருடையது; 1560இல் மன்னாரைக் கைப்பற்றியவர்கள் அவர்கள். ஆயினும் சொல் வந்த அன்றே அது ஏழையின் அடுக்களைக்குள் புகவில்லை. ஒடியற் கூழும் குரக்கன் பிட்டும் மீனும் கீரையுமே கரையோர மக்களை நெடுங்காலம் காத்தன. கட்டுக்கரைக்குளத்து நீர் பாய்ந்த பெருநிலத்தில் நெல்லும் விளைந்தது. நாட்டின் அரிசிக் குறையைப் பர்மா அரிசி ஈடுசெய்தது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். அந்த வரத்து நின்றது; பங்கீடு வந்தது; அரிசிக் குறையைக் கோதுமை மா நிரப்பிற்று. போர் முடிந்தது, மா விடைபெறவில்லை.

1953இல் 25 சதத்துக்கு விற்ற பங்கீட்டரிசியை அரசு 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் மக்கள் ஹர்த்தாலில் எழுந்தனர். மலிவான மாப்பொருளே உழைப்பாளியின் உயிர்நிலையாக இருந்ததை அந்நாள் காட்டிற்று. 1980இல் திருகோணமலையிற் பெரும் மாவாலை இயங்கத் தொடங்கியபின், தவிடு நீங்கிய வெண்மா நாட்டில் மேலும் நிலைபெற்றது.

பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. மடுத் திருத்தலத்திற் பல்லாயிரவர் தஞ்சம் புகுந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் புத்தளத்தில் அகதிகளாயினர். நிவாரணமாகக் கிடைத்த உலர் உணவில் அரிசியும் மாவும் பருப்பும் சீனியும் இருந்தன. பச்சைக் காய்கறிக்கு அங்கே இடமில்லை. பசித்தவனுக்கு அது உயிர் காத்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் உண்டது வழக்கமாகிவிடும் அன்றோ? அவ்வழக்கத்தை நோயாளியின் நாக்குச் சபலம் என்று பழிப்பது நீதியன்று.

பழைமைக்குத் திரும்பினால் எல்லாம் சீராகும் என்பதும் மயக்கமே. பனங்கட்டி நம் மண்ணின் பொருள்தான். எனினும் அதுவும் பெரும்பாலும் சீனியே. குரக்கனில் நார் மிகுதி. ஆயினும் மாப்பொருளும் மிகுதி. அளவின்றி உண்ண அது அனுமதிச் சீட்டு ஆகாது.

2016 ஆகஸ்டில் இலங்கை அரசு குளிர்பானப் போத்தல்களுக்கு நிறக்குறி விதித்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருப்பின் சிவப்பு. நல்ல செயல். ஆனால் சோற்றுக் கோப்பைக்கு எவரும் சிவப்புக் குறி இடப்போவதில்லை. அதை நம் அறிவே இடவேண்டும். கோப்பையிற் பாதி காய்கறியும் கீரையும், காற்பங்கு மீன், எஞ்சிய காற்பங்கே சோறோ பிட்டோ என்பது எளிய கணக்கு. ஊசியும் மாத்திரையும் கொள்வோர் மருத்துவரைக் கேட்டே உணவைக் குறைத்தல் வேண்டும். திடீரெனக் குறைத்தாற் குருதிச் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.

எனினும் கணக்கு அறிந்தவனிடம் காசும் இருக்கவேண்டும். மன்னார்க் கடலின் நண்டும் இறாலும் நல்ல மீனும் கொழும்புக்கு ஏறுகின்றன. அவற்றைப் பிடித்த கை, அந்தக் காசிற் பாண் வாங்கித் திரும்புகின்றது. மாச்சத்தே இல்லாத உணவை விற்று மாச்சத்தை வாங்கும் இந்த வாணிபம் நீடிக்கும்வரை, சிகிச்சை நிலையத்தின் அறிவுரை பாதி வழியிலேயே நின்றுவிடும். நோயாளிக்குச் சொல்லும் அறிவுரையை மீனுக்கும் கீரைக்கும் விலை வகுப்போருக்கும் நாம் சொல்லியாகவேண்டும்.