எதுக்களித்தலும் நெஞ்செரிவும்

சிங்கப்பூரின் வடபகுதியிலுள்ள கிராஞ்சி, 'கெராஞ்சி' என்னும் மரத்தாற் பெயர் பெற்ற ஊர். அம்மரத்தின் கனி, புளியைப் போல இனிப்பும் புளிப்பும் கலந்த சதையுடையது. புளிப்பை உண்டால் வயிறு புளிக்கும், காரத்தை உண்டால் நெஞ்சு எரியும் என்பது கிராஞ்சி முதல் தேக்கா வரை தமிழரிடை நெடுநாளாக வழங்கும் கருத்து. நாட்பட்ட நெஞ்செரிவுக்கு உண்மையில் அதுவே காரணமா என்பது ஆராயத் தக்கது.

பண்டை மருத்துவர் இந்நோயை நன்கறிந்திருந்தனர். 'மாதவ நிதானம்' என்னும் வடநூல் அமிலபித்தம் என ஒரு நோயைக் கூறி, மேற்செல்வது, கீழ்ச்செல்வது என அதனை இருவகைப்படுத்திற்று. சித்த மருத்துவர் குன்மத்தை எட்டாக வகுத்து, அவற்றுள் ஒன்றை எரிகுன்மம் என்றனர். மக்கள் வழக்கோ இன்னும் நுட்பமானது. உண்டது எதிர்த்து மேலேறுவதை 'எதுக்களித்தல்' என்பது தமிழ் வழக்கு. இச்சொல் சுவையைச் சுட்டவில்லை; திசையைச் சுட்டுகிறது. மேனாட்டார் கூறும் 'ரிப்ளக்ஸ்' என்பதும் பின்னோக்கிப் பாய்தல் என்னும் பொருளதே.

மேனாட்டு மருத்துவம் முதலிற் கண்டது புளிநீரையே. இரைப்பையிலுள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை வில்லியம் பிரௌட் 1824-இல் வெளியிட்டார். அவ்வமிலம் நோயன்று, செரிமானத்துக்கு வேண்டுவது. இரைப்பையின் உட்சுவர் அதனைத் தாங்கும்; உணவுக்குழல் தாங்காது. உணவுக்குழலின் அழற்சிக்கு இரைப்பைநீர் காரணமாதலை 1935-இல் நியூயார்க் மருத்துவர் வின்கல்ஸ்டைன் எடுத்துரைத்தார். உதரவிதானத் துளைவழியே இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறுவதால் இது நிகழ்வதை 1951-இல் ஆங்கில அறுவை மருத்துவர் அல்லிசன் விளக்கினார். 1956-இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் அழுத்தத்தை அளந்து, குழலின் அடியில் வாயிற்காவலன் போன்ற சுருக்குத்தசை உண்டென நிறுவினர். நாம் எதனையும் விழுங்காத வேளையிலும் அத்தசை சிறிதுநேரம் நெகிழ்ந்து திறப்பதை 1982-இல் டாட்ஸ், டென்ட் முதலியோர் காட்டினர். ஆகவே பெரும்பாலோரிடத்துக் குற்றம் புளிநீரின் மிகுதியிலன்று, வாயிலின் நெகிழ்ச்சியில்.

வாயில் நெகிழ்வதற்குக் காரணங்கள் பல. வயிறு புடைக்க உண்ணலும் கொழுப்பு மிக்க உணவும் அதனை நெகிழ்விக்கும். தொந்தியும் கருப்பமும் வயிற்றை அழுத்தும். புகையும் மதுவும் தீங்கைப் பெருக்கும். உண்டவுடன் படுத்தால் புளிநீர் எளிதில் மேலேறும். மிளகாய், புண்பட்ட குழலை எரியச் செய்யுமேயன்றி, நோயின் முதற்காரணம் எனக் கொள்ளற்கில்லை.

இச்செய்தி தமிழருக்கு உரியது என்பதற்குச் சான்றுண்டு. 1998-இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வொன்றில் இந்நோயின் அறிகுறிகள் சீனருள் நூற்றுக்கு 0.8, மலாய்க்காரருள் 3.0, இந்தியருள் 7.5 எனக் காணப்பட்டன. 2004-இல் வெளியான மலாயாப் பல்கலைக்கழக ஆய்வு, உடற்பருமன், மதுப்பழக்கம் ஆகியவற்றைத் தனியே கணக்கிட்ட பின்னரும் இந்திய மரபினருக்கு உணவுக்குழல் அழற்சி மிகுதி என்றது. எனவே பழியைக் குழம்பின் மேல் மட்டும் சுமத்துதல் பொருந்தாது.

நம்மவருட் பலர் இதனை 'வாயு' என்று கூறி, ஓமநீரும் சோடாவும் பருகி ஆண்டுகளைக் கழிக்கின்றனர். புளிநீர் பல்லாண்டு படுமாயின் குழல் புண்பட்டுச் சுருங்கும். சிலரிடத்து அதன் உட்படலம் மாறிப் புற்றுக்கும் இடந்தரும். 1980-களின் இறுதியில் வந்த ஒமிப்ரசோல் முதலிய மருந்துகள் புளிநீரைக் குறைக்கின்றன, வாயிலைத் திருத்துவதில்லை. மருந்தை நிறுத்தியதும் பலருக்கு எரிவு மீள்வது அதனாலேயே.

இரவுணவை அளவோடு உண்டு, இரண்டு மூன்று மணி கழித்துப் படுத்தலும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தலும், தொந்தியைக் குறைத்தலும் வாயிற்காவலுக்குத் துணைசெய்வன. விழுங்க இயலாமை, காரணமின்றி எடை குறைதல், மலம் கறுத்தல் ஆகியவை தோன்றின் மருத்துவரை உடனே நாடல் வேண்டும். நெஞ்சை இறுக்கும் வலி இதயநோயாகவும் இருக்கலாம். அதனை எரிவென்று எண்ணிக் காலந்தாழ்த்தல் உயிருக்கே கேடாகும்.