ஃபாக்டரியில் எதுவும் தயாராகவில்லை

பிசினஸ் லா பரீட்சைக்காக இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ஐ உருப்போட்டுக் கொண்டிருந்தேன். 171-ஆம் பிரிவு. வரவேண்டிய பாக்கி தீரும்வரை அடுத்தவர் சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கெல்லாம் உண்டு என்று ஒரு பட்டியல் வரும். பேங்கர், ஃபாக்டர், வார்ஃபிஞ்சர்... பேங்கர் தெரியும். இந்த ஃபாக்டர் யார்? கணக்குப் பாடத்தில் வரும் ஃபாக்டர் இல்லை என்பது மட்டும் புரிந்தது :-)

அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'செய்பவர்' என்று பொருள். முதலாளிக்குப் பதிலாக வெளியூரில் இருந்துகொண்டு, அவருக்காகச் சரக்கு வாங்கி விற்கும் ஏஜென்ட். அவர் தங்கி, சரக்கையும் பத்திரப்படுத்தி வைக்கும் இடம்தான் ஃபாக்டரி. அவ்வளவுதான். மெஷின் கிடையாது, புகைபோக்கி கிடையாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் பள்ளியில் 'ஆங்கிலேயர்கள் சூரத்தில் தொழிற்சாலை அமைத்தனர்' என்று எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கியவன் நான். பிறந்து வளர்ந்தது அம்பத்தூர். எங்கள் ஊர்க்காரனுக்குத் தொழிற்சாலை என்றால் என்ன தோன்றும்? சங்கு, ஷிப்டு, ஆயில் கறை படிந்த காக்கிச் சட்டை. வெள்ளைக்காரன் கப்பலில் மெஷினைக் கொண்டுவந்து இறக்கி, நமக்கு வேலை கற்றுக் கொடுத்தான் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

நடந்தது தலைகீழ். நம் சென்னையையே எடுத்துக்கொள்வோம். பிரான்சிஸ் டே, ஆர்மகான் என்ற இடத்தில் (இன்றைய ஆந்திரக் கடற்கரை) இருந்த கம்பெனி ஃபாக்டரியின் தலைவர். மதராசப்பட்டினத்தில் துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு இருபது மலிவு என்று மேலிடத்துக்கு எழுதினார். 1639-இல் இடம் வாங்கினார்கள், அடுத்த வருடம் கோட்டை வேலை ஆரம்பமானது. ஆக, அவர்கள் வந்தது இங்கே தயாரானதை வாங்க!

வாங்கிய முறையும் சுவாரஸ்யம். கம்பெனி கப்பலில் வெள்ளி வரும். காசி வீரண்ணா போன்ற பெரிய வியாபாரிகளோடு இத்தனை துணி, இந்தத் தரம் என்று ஒப்பந்தம். வியாபாரி அந்தப் பணத்தில் நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார். நெசவாளி தன் வீட்டுத் தறியில் நெய்வார். துணி கோட்டைக்கு வந்ததும் கம்பெனி ஆட்கள் தரம் பிரித்து, கட்டுக் கட்டி, கப்பல் புறப்படும்வரை கிடங்கில் அடுக்குவார்கள். இப்படி வருடா வருடம் ஊருக்கு அனுப்ப வாங்கும் சரக்குக்குக் கம்பெனிக் கணக்கில் என்ன பெயர் தெரியுமா? 'இன்வெஸ்ட்மென்ட்'! பி.காம். படிக்கும் எனக்கே இது புதுசு.

உத்தியோகங்களின் பெயரும் இப்படித்தான். கடைநிலை எழுத்தர் 'ரைட்டர்'. சில வருடம் ஓட்டினால் ஃபாக்டர். அப்புறம் ஜூனியர் மெர்ச்சன்ட், சீனியர் மெர்ச்சன்ட். 1744-இல் மதராஸில் வந்திறங்கிய ராபர்ட் கிளைவ், 18 வயது ரைட்டர்தான். (கதை எழுதுகிறவர் இல்லை. நம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் மட்டும்தான் அந்தப் பழைய அர்த்தத்தை இன்னும் காப்பாற்றி வருகிறார்!) இந்த ஃபாக்டர், ரைட்டர் எல்லாவற்றுக்கும் 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் விளக்கம் இருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர்.

பிறகுதான் திருப்பம். நம் துணியின் போட்டியைத் தாங்க முடியாமல் இங்கிலாந்து 1700-லும் 1721-லும் அதற்கு எதிராகச் சட்டம் போட்டது. அந்த நூற்றாண்டின் கடைசியில் அங்கே நூற்பு மெஷின்கள் பெருகின. ஃபாக்டரி என்றால் மெஷின் ஓடுகிற இடம் என்ற அர்த்தமே முன்னுக்கு வந்தது, ஏஜென்ட்டின் கிடங்கு மறந்துபோனது. அந்தப் புது அர்த்தத்தை நாம் பழைய சூரத்துக்கும் மதராஸுக்கும் கொண்டுபோய் ஒட்டிவிட்டோம். ஒரே ஒரு சொல்தான். ஆனால் அதில் நெய்தவர் காணாமல் போய், வாங்க வந்தவர் உற்பத்தியாளர் ஆகிவிட்டார். 'பண்டகசாலை' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது ஏன் இந்தக் குழப்பம்? அந்த இரண்டு மார்க்கைத் திருப்பிக் கொடுக்க வழியிருந்தால் கொடுத்துவிடுவேன்.

அப்பாவிடம் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, கம்பெனிக்கு நேரமாச்சு" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் போவது லேத் ஓடுகிற ஒரு பட்டறைக்கு. அன்றைக்குக் கம்பெனி தன் கிடங்கை ஃபாக்டரி என்றது. அம்பத்தூரில் நாங்கள் ஃபாக்டரியைக் கம்பெனி என்கிறோம்!

வார்ஃபிஞ்சர் யார் என்று கேட்கிறீர்களா? படகுத்துறை வைத்திருப்பவர். அவர் கதை பரீட்சை முடிந்த பிறகு.