பல நாட்டு ரக்பி லீக்: நிலைக்குமா?

2025 ஜூன் 29. மும்பை அந்தேரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை புல்ஸ் அணி, டெல்லி ரெட்ஸ் அணியை 41-0 என்று தோற்கடித்து ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை வென்றது. இந்தச் செய்தியை வளவனூர் கடைத்தெருவில் சொன்னால், "சென்னைக்கு ரக்பி அணி இருக்கா?" என்றுதான் பலர் திருப்பிக் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. கோப்பை வென்ற அந்த அணி, அந்தப் பருவத்தில் சென்னையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மொத்தம் 34 ஆட்டங்கள், 15 நாட்கள், எல்லாம் மும்பையில் ஒரே மைதானத்தில்.

இந்திய ரக்பி சங்கமும் ஜி.எம்.ஆர். நிறுவனமும் சேர்ந்து நடத்திய லீக் இது. ஆறு அணிகள். ரக்பியில் 15 பேர் ஆடும் வகையும் உண்டு, 7 பேர் ஆடும் வகையும் உண்டு. இது 7 பேர் ஆடுவது. இந்திய வீரர்களோடு வெளிநாட்டு நட்சத்திரங்களும் களம் இறங்கினார்கள். இப்படி ஒரு இளம் லீக் எத்தனை ஆண்டு நிற்கும்? நாளை கொழும்பு, கண்டி என்று பக்கத்து நாடுகளையும் சேர்த்துக்கொண்டு வளர முடியுமா? இதற்குப் பதில் சொல்ல ரக்பியின் பழைய கதைகளைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

உருக்கிய ரூபாய்

முதல் கதை இந்தியாவிலேயே இருக்கிறது. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இங்கிலாந்துக்காரர்கள் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறுபக்கமுமாக ரக்பி ஆடினார்கள். அடுத்த மாதமே கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது. ஆனால் ஆடியவர்களில் பலர் ராணுவத்தினர். படைப்பிரிவு இடம் மாறியதும் ஆட்கள் குறைந்தார்கள். வெயிலுக்கு ஏற்ற போலோவும் டென்னிஸும் மிச்சம் இருந்தவர்களை இழுத்துக்கொண்டன. ஐந்தாறு ஆண்டுகளில் கிளப்பை மூட வேண்டியதாயிற்று.

வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். பாம்பு வடிவக் கைப்பிடிகள், மூடியின் மேல் ஒரு யானை. 1878-ல் அதை இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றுவரை மோதிக்கொள்ளும் 'கல்கத்தா கோப்பை' அதுதான்! கோப்பை பிழைத்தது, கிளப் பிழைக்கவில்லை. காரணம் பணமில்லாமல் போனது அல்ல. பணம் இருந்ததால்தானே கோப்பை செய்ய முடிந்தது? உள்ளூரில் ஆட ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

தொலைக்காட்சி கட்டிய லீக்

1995-ல்தான் ரக்பி யூனியன் அதிகாரபூர்வமாகத் தொழில்முறை ஆட்டமானது. அடுத்த ஆண்டே நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து 'சூப்பர் 12' லீக்கைத் தொடங்கின. ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் ஒளிபரப்பு உரிமைக்காக 10 ஆண்டுகளுக்கு 55.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. மூன்று நாட்டிலும் ரக்பி ஏற்கெனவே ஊறிப்போன ஆட்டம் என்பதால் லீக் உடனே சூடு பிடித்தது.

பிறகு ஆசை வந்தது. 12 அணி 14 ஆனது, 15 ஆனது, 2016-ல் அர்ஜென்டினாவின் ஜாகுவாரெஸ், ஜப்பானின் சன்வுல்வ்ஸ் உட்பட 18 ஆனது. வரைபடத்தில் பார்க்க அழகுதான். ஆனால் டோக்கியோவுக்கும் பியூனஸ் அயர்ஸுக்கும் 12 மணி நேர வித்தியாசம். ஒரு ஊரில் இரவு ஆட்டம் என்றால் இன்னொரு ஊரில் விடியற்காலை. யார் எழுந்து பார்ப்பது? விமானத்திலேயே களைத்துப்போன வீரர்கள் எப்படி ஆடுவார்கள்? 2018-ல் அணிகள் மீண்டும் 15 ஆகக் குறைக்கப்பட்டன. ஜாகுவாரெஸ் 2019-ல் இறுதி ஆட்டம் வரை வந்தும், கொரோனாவுக்குப் பிறகு அந்த லீக்குக்குத் திரும்பவில்லை. சன்வுல்வ்ஸ் 2020-உடன் முடிந்தது.

ஆசியாவில் ஒரு முயற்சி

2018 குறைப்பில் வெளியேற்றப்பட்ட அணிகளில் ஒன்று, பெர்த் நகரின் வெஸ்டர்ன் ஃபோர்ஸ். அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ ஃபாரஸ்ட், "நாமே ஒரு லீக் தொடங்குவோம்" என்று இறங்கினார். அதுதான் 'குளோபல் ரேபிட் ரக்பி'. பெர்த்தோடு பிஜி, சமோவா, சீனா, ஹாங்காங், மலேசியா என்று ஆறு இடங்களின் பெயரில் அணிகள். நேர வித்தியாசப் பிரச்சினை குறைவு. சொந்த எல்லைப் பகுதியில் இருந்து தொடங்கி ட்ரை அடித்தால் 9 புள்ளி என்று விறுவிறுப்பான புது விதிகளும் இருந்தன.

2020 மார்ச்சில் முதல் முழுப் பருவம் தொடங்கியது. ஒரே ஒரு சுற்று முடிந்தது, கொரோனா வந்தது, லீக் நின்றது. பெர்த் அணி ஆஸ்திரேலியப் போட்டிக்கே திரும்பிவிட்டது. கொரோனா மேல் மட்டும் பழி போட முடியுமா? மலேசியா பெயரில் ஆடியது தென்னாப்பிரிக்காவின் வால்கே அணி! அதற்காகக் கத்த ஒரு மலேசியப் பையனுக்கு என்ன காரணம் இருந்தது?

நிலைத்த லீக்

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2001-ல் அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து அணிகள் 'கெல்டிக் லீக்' என்று சிறிதாகத் தொடங்கின. மூன்றும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். 2010-ல் இத்தாலியைச் சேர்த்தார்கள். 2021-ல் தென்னாப்பிரிக்காவின் நான்கு பெரிய அணிகள் வந்து சேர, 'யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப்' என்று பெயர் மாறியது. தென்னாப்பிரிக்கா தூரம்தானே என்று தோன்றும். ஆனால் விமானம் வடக்கு தெற்காகப் பறக்கிறது. கடிகாரம் ஓரிரு மணி நேரம்தான் மாறும். 2022 இறுதி ஆட்டத்திலேயே இரண்டு தென்னாப்பிரிக்க அணிகள் மோதி, ஸ்டார்மர்ஸ் வென்றது. வழியில் இங்கேயும் சில அணிகள் மூடப்பட்டன. லீக் மட்டும் மூடப்படவில்லை.

சென்னைக்கு என்ன பாடம்?

கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் இந்தியாவும் இலங்கையும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டு நாட்டிலும் ஒரே நேரம். சென்னையில் இருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். இலங்கையில் ரக்பிக்கு நம் ஊர்க் கிரிக்கெட் மாதிரிக் கூட்டம் கூடும் இடங்களும் உண்டு. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதுகின்றன. பழைய மாணவர்கள் வயதான பிறகும் கொடி பிடித்து வருவார்கள். சிக்கலும் இல்லாமல் இல்லை. நிர்வாகத்தில் அரசியல் தலையீடு என்று சொல்லி 2023-ல் உலக ரக்பி அமைப்பு இலங்கைச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. பல நாட்டு லீக்கில் ஒரு சங்கம் சறுக்கினால் எல்லோருக்கும் அடி விழும்.

இந்தியாவிலும் விதை இல்லாமல் இல்லை. 2007-ல் ஒடிசாவின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் படித்த பழங்குடிச் சிறுவர்கள் லண்டனுக்குப் போய் 14 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் கோப்பை வென்றார்கள். 2019-ல் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. 15 பேர் ஆட்டத்தில் அவர்களுக்கு அதுவே முதல் சர்வதேச வெற்றி.

தமிழ்நாட்டுக்குப் பக்கத்து உதாரணம் கபடி. 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அது யாருக்கும் புதிய ஆட்டம் அல்ல. விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் காணும் பொங்கல் என்றால் மண் தரையில் கபடி நடக்கும். 2017-ல் தமிழ் தலைவாஸ் வந்தபோது, பிடி எது, ரெய்டு எது என்று பாட்டிக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதற்கு மேல்தான் ஈரான், கொரியா வீரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ரக்பியும் ஆளைப் பிடித்து மடக்கும் ஆட்டம்தான். கபடி ஆடும் பையனுக்கு அது கைவராத வித்தை அல்ல. பந்தும் சொல்லித்தர ஒரு பயிற்சியாளரும் பள்ளி மைதானத்துக்கு வர வேண்டும். வந்தால் சென்னை, கொழும்பு, கண்டி சேர்ந்த ஒரு லீக் நடக்கக்கூடிய கனவுதான். வராவிட்டால், கல்கத்தாவில் நடந்தது மாதிரி கோப்பை மட்டும் அலமாரியில் மிஞ்சும்.